உறை பிரிக்காத விமானங்கள்

போன வருஷம் நவம்பரில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை என்னைக் காரில் ஏற்றி டெல்ஃபோர்டு என்ற ஊருக்கு அழைத்துப் போனார். "மாமா, உங்க லைன் சம்பந்தப்பட்ட விஷயம்தான், வந்து பாருங்க" என்றார். குளிரில் எங்கே இழுத்துக்கொண்டு போகிறாரோ என்று முனகிக்கொண்டேதான் போனேன்.

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் கூடும் கண்காட்சி அது. விமானம், கப்பல், டாங்கி, பஸ் எல்லாவற்றையும் 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு என்று சிறிதாக்கி, பாகம் பாகமாக பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்பார்கள். அதற்கு 'கிட்' என்று பெயர். வாங்கியவர் வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க வேண்டும். கட்டி முடித்த மாடல்கள் மேஜை மேஜையாக இருந்தன. அதைச் செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மணிக்கணக்காகப் பேசினார்கள். எனக்கு அந்தப் பக்கத்தை விட்டு நகர மனசே வரவில்லை.

இன்னொரு பக்கம் வியாபாரிகள். அதில் ஒரு பகுதி பழைய கிட் விற்பவர்கள். அங்கே கூட்டத்தின் முகமே வேறாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கையில் பட்டியல், சிலர் கையில் டார்ச். குனிந்து பெட்டிகளின் ஓரத்தைப் பார்க்கிறார்கள், முனை நசுங்கியிருக்கிறதா என்று தடவுகிறார்கள், மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறார்கள். கொத்தவால் சாவடியில் வெற்றிலை பார்த்து வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

ஒரு மேஜையில் பாலித்தீன் பை ஒன்று கிடந்தது. வாயில் அச்சடித்த காகிதத்தை மடித்து வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. உள்ளே பாகங்கள். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 'நாட்' ஜெட் விமானம். நான் பன்னிரண்டு வயதில் கையில் வாங்கிய அதே பை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். "ஐயா, அழுத்தாமல் பிடியுங்கள்" என்றார் வியாபாரி. விலை 35 பவுண்டு.

நான் கீழே வைப்பதற்குள் பக்கத்தில் நின்றவர் பணத்தை நீட்டிவிட்டார். வாங்கியதும் தன் பையிலிருந்து இன்னொரு கெட்டியான பாலித்தீன் உறையை எடுத்து, பையை அதற்குள் போட்டு மூடினார். இது மாதிரி வீட்டில் இன்னும் இரண்டு இருக்கிறதாம். தலைப்புக் காகிதத்தில் கம்பெனி முத்திரை மாறியதை வைத்து முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று கணக்கு உண்டாம். "எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை யாராவது கட்டுவார்களா? பின்னைப் பாருங்கள், இன்னும் கழற்றவே இல்லை" என்றார். அந்தப் பின்னில் துரு ஏறியிருந்தது. அந்தத் துருதான் அவருக்கு அத்தாட்சி.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1965 யுத்தத்தின்போது நமக்கெல்லாம் என்ன வயது என்று நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி டிரெவர் கீலர் ஒரு நாட் விமானத்தில் போய் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டை வீழ்த்தியதாக ரேடியோவில் சொன்னதும், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் பையன்கள் எல்லாம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினோம். கொசு மாதிரி சின்ன விமானம். பெயரே அதுதான். பெங்களூரில் எச்.ஏ.எல்-லில் செய்தது என்பதில் கூடுதல் பெருமை. 'சேபர் கொல்லி' என்று பட்டப்பெயர் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். ரஜூலா கப்பல் ஞாபகம் இருக்கிறதா? மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியதே, அதில்தான் வந்தார். அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, அப்பாவுக்கு டார்ச் லைட், எனக்கு இந்தப் பை. சித்தப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாது. "ஏதோ ஏரோப்ளேன்னான், நீதான் ஏரோப்ளேன் பைத்தியமாச்சே" என்று கொடுத்தார்.

அன்று ராத்திரியே பின்னைப் பிடுங்கினேன். ஒட்டும் பசையை மூக்கிலிருந்து வால் வரை பூசி, விரல் ரேகை பதிய வைத்தேன். கண்ணாடி மூடியில் பசை பட்டுப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. போஸ்டர் கலரில் பச்சை, வெள்ளை, காவி வட்டம் போட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழிந்தது. இன்னொரு ஏமாற்றம்: பையில் இருந்தது ஆங்கிலேயர்களின் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், நம்முடையது ஒற்றை ஆள் சண்டை விமானம். பின் சீட்டை மறைக்க அங்கேயும் பெயின்ட் அடித்தேன். நிமிர்த்தி வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. மொத்தத்தில் கண்றாவி. நாலு மாதம் அலமாரி மேல் இருந்து, ஒரு சரஸ்வதி பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது கீழே விழுந்து உடைந்தது.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிச்சமாகும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தேன். இறக்கையின் உள்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள். எல்லா இறக்கையிலும் ஒரே இடத்தில். ஏன் இந்த வட்டம்? எதற்கு இந்தச் சட்டம்? அப்பா லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர், அவரிடம் கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சுல ஊத்தினதுடா. சூடு ஆறினதும் உள்ளேருந்து ஒரு கம்பி தள்ளியிருக்கு. அந்தத் தடம்" என்றார். பிளாஸ்டிக் மோல்டு ஒன்றை வாழ்க்கையில் பார்த்தே இராதவர். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். பிறகு நான் கிண்டி சிப்பெட்டில் படித்து, அம்பத்தூரில் முப்பத்தாறு வருஷம் டூல் ரூமில் மோல்டு செய்து ஓய்வு பெற்றதற்கு விதை அந்த வட்டத் தழும்பு. பையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் தழும்பை எங்கே பார்த்திருப்பேன்?

சேகரிப்பவர்கள் 'அபூர்வம்', 'உற்பத்தி நின்றது' என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதும் இதனால்தான். எங்கள் தொழிலில் அபூர்வமான பொருள் என்றால் மோல்டுதான். அந்தக் காலத்தில் முதலில் மரத்தில் பெரிய அளவில் மாதிரி செதுக்குவார்கள். அதிலிருந்து பிசின் வார்ப்பு எடுப்பார்கள். பான்டோகிராஃப் மெஷினில் ஒரு பக்கம் ஊசி அந்தப் பெரிய வார்ப்பைத் தடவிப் போகும், மறுபக்கம் கட்டர் அதையே சிறிய அளவில் எஃகில் குடையும். எங்கள் டூல் ரூமிலும் ஒரு பான்டோகிராஃப் இருந்தது, பாட்டில் மூடியில் கம்பெனி பெயர் எழுத. நாலு எழுத்துக்கே முதுகு விட்டுப்போகும். ஒரு விமானத்தின் தகடு கோடுகளையும் ஆணித் தலைகளையும் அதில் வெட்டியவனை நினைத்துப் பாருங்கள். அப்புறம் அரம், உப்புத்தாள், பாலிஷ், இரண்டு பாதியும் காகிதம் நுழையாமல் பொருந்தும் வரை மாதக்கணக்கில் வேலை. அவன் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

மோல்டு முடிந்துவிட்டால் பிளாஸ்டிக் பாகம் என்பது அரை நிமிஷ வேலை. பாலிஸ்டைரீன் மணியைக் கொட்டி, உருக்கி, அழுத்தித் தள்ளி, குளிரவைத்து, திறந்தால் விழும். ஆயிரம் வேண்டுமா, ஐம்பதாயிரம் வேண்டுமா, ஓட்டிக்கொண்டே இருக்கலாம். 'உற்பத்தி நின்றது' என்றால் பெரும்பாலும் அர்த்தம், மோல்டுக்கு எண்ணெய் தடவி ரேக்கில் ஏற்றிவிட்டார்கள் என்பதுதான். நாளைக்கே இறக்கலாம்.

இறக்கியும் இருக்கிறார்கள். 'ஃபிராக்' என்று ஒரு பழைய ஆங்கிலக் கம்பெனி. 1936-லேயே 'பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் விமான கிட் போட்டவர்கள். பறக்காத மாடல் என்பதால் பறக்காத பறவையின் பெயர். அதன் தாய்க் கம்பெனி 1971-ல் நொடித்தது. 1976-ல் ஃபிராக் கிட்டுகளும் நின்றன. மோல்டுகள் என்ன ஆயின? பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போயின. ஜெர்மனி, ஜப்பான் விமானங்களின் மோல்டு மட்டும் அவர்களுக்கு வேண்டாமாம், எதிரி விமானம். அவை ரெவெல் கம்பெனிக்குப் போயின. சோவியத்தில் செய்தவை முதலில் 'நோவோ' என்ற பெயரில் வெளியே விற்றன. பிறகு அதே மோல்டுகள் கை மாறி, ஊர் மாறி, சாதாரணப் பிளாஸ்டிக் பையிலும் மெல்லிய அட்டையிலும் பல வருஷம் வந்துகொண்டே இருந்தன.

டெல்ஃபோர்டில் ஒரே மேஜையில் இரண்டையும் பார்த்தேன். ஃபிராக் பெட்டியில் ஒன்று, ரஷ்ய எழுத்துப் போட்ட பையில் அதே விமானம். ஒரே எஃகிலிருந்து விழுந்த பாகம். ஒன்றின் விலை மற்றதைப் போல எட்டு மடங்கு. பிளாஸ்டிக் ஒன்றுதான் என்றால் அந்த மிச்ச ஏழு மடங்கு எதற்கு? அட்டைக்கு. பெரிய மனிதர்கள், படித்தவர்கள், டார்ச் அடித்துப் பார்த்து அட்டை வாங்குகிறார்கள்.

"முதலில் ஓட்டியதில் கூர்மை அதிகம், பிறகு வந்ததில் பிசிறு அடிக்கும்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மை. மோல்டு தேயும், விளிம்பில் பிசிறு வரும், அது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஐயா, அந்தக் கூர்மையை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? பெட்டியைத்தான் பிரிக்கவே இல்லையே.

கோபத்தை ஏற்றியது இன்னொன்று. பழைய மோல்டைக் கம்பெனி மறுபடி ஓட்டினால் இவர்களுக்கு ஆகாது. ஏர்ஃபிக்ஸ் கதையும் மேடு பள்ளம்தான். 1981-ல் நொடித்தது, கை மாறியது, 1986-ல் ஹம்ப்ரால் வாங்கியது, 2006-ல் அதுவும் விழ ஹார்ன்பி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சில வருஷம் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் 'மேட் இன் இந்தியா' என்று அச்சிட்டிருந்தது பலருக்குத் தெரியாது. ஆமாம், கொஞ்ச காலம் நம் நாட்டு மெஷின்களில் அந்த விமானங்கள் விழுந்தன. மாப்பிள்ளை ஒரு பெட்டியைக் காட்டியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சேகரிப்பாளர் மட்டும் அதைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சமீப வருஷங்களில் 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் பழைய மோல்டுகளை ஓட்டி, கையில் வாங்கக்கூடிய விலையில் விற்கிறார்கள். நாட் விமானத்துக்குப் புது மோல்டே வெட்டிவிட்டார்கள், பழையதைவிட எவ்வளவோ நேர்த்தி. ஒரு குழந்தைக்கு அது கிடைக்கும் என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? "நான் பிடித்து வைத்த மூன்றும் விலை இறங்கிப் போச்சு" என்று அங்கே ஒருவர் துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார். அந்தப் பொருள் பெருகினால் வருத்தம், அருகினால் மகிழ்ச்சி. அரிசியைப் பதுக்கியவனை 1960-களில் நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்?

அரிசியும் விளையாட்டுப் பொருளும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் இது யாருக்காகச் செய்த பொருள் என்று பாருங்கள். ஏர்ஃபிக்ஸ் 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற சின்னக் கப்பலை உல்வொர்த் கடைகளில் விற்றபோது விலை இரண்டு ஷில்லிங். பெட்டி போட்டால் விலை ஏறும் என்று பையில் போட்டார்கள். அப்போதைய நம் காசில் ஒரு ரூபாய் ஐந்தணா. சனிக்கிழமை கைச்செலவுக் காசை வைத்து ஒரு பையன் வாங்கட்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்த பை அது. அந்தப் பைக்குத்தான் இன்று இன்னொரு பை.

தபால் தலை சேகரிக்கவில்லையா, நாணயம் சேகரிக்கவில்லையா என்றும் கேட்கலாம். நானே நாணயம் சேர்த்தவன், ஓட்டைக் காலணா முதல் வைத்திருக்கிறேன். ஆனால் நாணயம் முழுமையான பொருள். அது சந்தைக்குப் போய், நூறு கை மாறி, தேய்ந்து, தன் வேலையை முடித்துவிட்டு என் டப்பாவுக்கு வந்தது. கிட் பாதி வேலை. மோல்டு போட்டவன் பாதி செய்துவிட்டு, மீதியை நீ செய் என்று கொடுத்திருக்கிறான். அதைப் பிரிக்காமல் வைப்பது தைக்காத சட்டைத் துணிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்வது மாதிரி. நம் வீடுகளிலும் இந்த வியாதி உண்டு, மறுக்கவில்லை. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு, உறை கிழிந்ததும் உறைக்கு மேல் ரப்பர் பேண்ட் போட்டவன்தான் நான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பெட்டி மேல் இருக்கும் ஓவியம். ராய் கிராஸ் என்ற ஓவியர் 1964 முதல் பத்து வருஷம் ஏர்ஃபிக்ஸுக்கு வரைந்த படங்களைப் பார்த்தால் அட்டைக்கு ஏன் பைத்தியமாகிறார்கள் என்று புரியும். கடலுக்கு மேல் சாய்ந்து திரும்பும் விமானம், பின்னால் புகை, நெருப்பு. பிற்பாடு குழந்தைகளுக்கு ஆகாது என்று அந்தக் குண்டு வெடிப்பையும் நெருப்பையும் அழித்து அச்சிட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே அசல் அட்டையைக் காப்பாற்ற வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். காப்பாற்றுங்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். உள்ளே இருப்பதைப் பையனிடம் கொடுங்கள்.

மோல்டே இல்லாமல் போன கிட்டும் சில உண்டு, அதற்காவது ஒரு பிரதி மிஞ்ச வேண்டாமா என்பார்கள். வேண்டும். அமெரிக்காவில் அரோரா கம்பெனி 1970-களில் மூடியபின் அதன் பேய் வீடுகளுக்கும் பூத பொம்மைகளுக்கும் விலை எக்கச்சக்கமாக ஏறியது. 1990-களில் போலார் லைட்ஸ் என்ற புதுக் கம்பெனி, பழைய கிட்டுகளை மாதிரியாக வைத்துப் புது மோல்டு செய்து, அவற்றை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். பழைய பிரதி மிஞ்சியிருந்ததால்தான் முடிந்தது. ஆனால் மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு எந்த டூல் ரூம்காரனும் அளவெடுக்க முடியாது. வெர்னியரை உள்ளே விட வேண்டுமென்றால் செலஃபேன் கிழிய வேண்டும்.

மேலும், பிரிக்காவிட்டால் அப்படியே இருக்கும் என்பதும் பொய். பிளாஸ்டிக் காரனாகச் சொல்கிறேன். அந்த பெங்குவின் கிட்டுகள் செல்லுலோஸ் அசிடேட், தன்னாலேயே வளைந்து முறுக்கிக்கொள்ளும். பாலிஸ்டைரீன் பரவாயில்லை, ஆனால் பெட்டிக்குள் இருக்கும் மெத்தென்ற பி.வி.சி. டயர், தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தைக் காலப்போக்கில் தின்றுவிடும். டயரில் கலந்த எண்ணெய் மாதிரியான சரக்கு கசிந்து பாலிஸ்டைரீனை உருக்கும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் படங்கள் மஞ்சளித்துப் பொரிந்துபோகும். பசை ட்யூப் கல்லாகும். பத்து வருஷம் கழித்து ஏலத்தில் 'புத்தம் புதியது' என்று கை மாறுகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டெல்ஃபோர்டு போய் வந்ததை மாப்பிள்ளை சொல்லக் கேட்டு, ஒருநாள் டீக்குக் கூப்பிட்டார். ஏணி வைத்துப் பரணுக்கு ஏற்றினார். அங்கெல்லாம் கூரைக்கடியில் நம் வீட்டு ஹால் அளவுக்குப் பரண் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை கிட் பெட்டிகள். அறுநூறுக்கு மேல் என்றார். நல்ல மனிதர், டெல்ஃபோர்டில் பார்த்தவர்கள் மாதிரி இல்லை. ஒவ்வொன்றையும் எங்கே பிடித்தார் என்று சொன்னார். மூடப்போகும் பொம்மைக் கடை, தேவாலயப் பழைய பொருள் விற்பனை, வேல்ஸில் ஒரு கடையின் நிலவறை. ஆயுளுக்குள் கட்டி முடிக்க முடியாத அளவு சேர்த்துவிட்டவர்களைப் பற்றி இந்தக் கூட்டத்தில் ஒரு கேலிச் சொல்லே உண்டாம், அவரே சொல்லிச் சிரித்தார். கட்டியது எங்கே என்று கேட்டேன். கீழே வரவேற்பறையில் ஒன்றே ஒன்று இருந்தது. பள்ளியில் படித்தபோது கட்டியது.

ஜனவரியில் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே. பிப்ரவரியில் அந்த அம்மாள் சின்ன வீட்டுக்குக் குடி போக வேண்டியதாயிற்று. பெட்டிகளை இறக்க ஆள் இல்லாமல் மாப்பிள்ளையும் நானும் போனோம், பேரனும் ஒட்டிக்கொண்டான். வியாபாரி ஒருவர் வேனோடு வந்திருந்தார். பட்டியலைப் பார்த்து நாற்பது பெட்டியைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அது எவ்வளவு என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மாள் பேரம் பேசவில்லை. "ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுவேன் என்றார். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் அதிகமாக வாங்கினார்" என்று மட்டும் சொன்னார். ஐம்பது வருஷம் அவருடைய மாலைப்பொழுதுகள் அந்தப் பரணுக்குப் போயிருக்கின்றன. இவருக்கு மிஞ்சியது வேன் சத்தம்.

பேரனைப் பார்த்து, உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள் என்றார். அவன் வியாபாரி பொறுக்கி வைத்த பக்கம் போய், பழைய லண்டன் மாடி பஸ் ஒன்றை எடுத்தான். மாப்பிள்ளை, "டேய், அது வேணாம்" என்று தடுக்கப் போனார். அதற்குள் அவன் பல்லால் செலஃபேனைக் கடித்துவிட்டான். படியில் இறங்கி வந்த வியாபாரி அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, இப்போது நீ கிழித்தது முப்பது பவுண்டு" என்றார். அந்த அம்மாள் சமையலறைக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து பையனிடம் கொடுத்தார்.

பஸ்ஸை இரண்டு வாரத்தில் கட்டி முடித்தோம். பசை அதிகம், விரல் ரேகை இருக்கிறது, மாடிப்படி கொஞ்சம் கோணல். டெக்கால்தான் தகராறு, பழுப்பேறிப் போயிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் வெளுக்கும், பழைய கைவைத்தியம். அந்த ஊரில் பிப்ரவரி வெயிலை நம்பி எதுவும் செய்ய முடியாது. அதனால் டெக்காலை டைரிக்குள் வைத்து அம்பத்தூருக்குக் கொண்டு வந்து, மேற்கே பார்த்த ஜன்னலில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஞாயிறு தோறும் பேரன் வீடியோவில் கூப்பிட்டு முதலில் அதைத்தான் காட்டச் சொல்கிறான். நேற்றுப் பார்த்ததில் ஓரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. நடுவில் இன்னும் டீக்கறை மாதிரி கொஞ்சம் பாக்கி இருக்கிறது.